எத்தனை ஃபேன் ஓடும்? - சாக்கடைக் கரண்ட்டின் கதை

சாக்கடைத் தண்ணியில கரண்ட், மாட்டுச் சாணத்துல கரண்ட், அழுகின தக்காளியில கரண்ட்... இப்படி ஒரு செய்தி வராத வருஷமே கிடையாது. ஒவ்வொரு தடவையும் "உலகிலேயே முதல் முறையாக" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கூடவே ஒரு போட்டோ. நாலு மாணவர்கள், ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள்ள இருந்து வெளிய வர்ற ரெண்டு வயர்.

நக்கல் அடிக்கறதுக்காகச் சொல்லலை. அந்த மாதிரி ஒரு போட்டோவுல நானும் நின்னிருக்கேன் (அந்தக் கதை கீழே வருது). ஆனா அந்த "முதல் முறை" நடந்து நூறு வருஷம் தாண்டியாச்சு மக்களே. 1911. டைட்டானிக் கப்பல் கிளம்புறதுக்கு முந்தின வருஷம்.

இந்தச் சமாச்சாரத்துக்கு இங்கிலீஷ்ல மைக்ரோபியல் ஃப்யூயல் செல் என்று பேர். தமிழ்ல நுண்ணுயிர் எரிபொருள் கலம்னு சொல்லலாம். பதிவு முழுக்க அதை டைப் பண்ணினா எனக்கும் கை வலிக்கும், உங்களுக்கும் கண் வலிக்கும். அதனால வெறும் "கலம்"னே வச்சுக்குவோம்.

மைக்கேல் கிரெஸ்ஸி பாட்டர். இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியல் பேராசிரியர், வேலை பார்த்தது நியூகாசில்ல. மனுஷன் எலக்ட்ரிகல் ஆளே கிடையாது. டர்னிப் கிழங்கு ஏன் அழுகுது, அதை அழுக வைக்கிற பாக்டீரியா எதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தவர். ஒரு பொருள் அழுகறப்போ அதுல ரசாயன மாற்றம் நடக்குது, ரசாயன மாற்றம் நடக்கிற இடத்துல மின்சாரம் இருக்கணுமே, அளந்து பார்த்தா என்ன? இவ்வளவுதான் அவரோட கேள்வி. ஒரு பக்கம் ஈஸ்ட் போட்ட சர்க்கரைத் தண்ணி, இன்னொரு பக்கம் ஈஸ்ட் போடாத அதே சர்க்கரைத் தண்ணி, ரெண்டுலயும் பிளாட்டினம் மின்முனை. மீட்டர் முள் நகர்ந்துச்சு. 0.3லிருந்து 0.5 வோல்ட் வரைக்கும் கிடைச்சது. ஈஸ்ட்டுக்கு பதிலா நம்ம குடல்ல வாழ்ற ஈ.கோலை பாக்டீரியாவைப் போட்டும் பார்த்தார், அதுவும் வேலை செஞ்சது. 1911ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ்ல கட்டுரை வந்தது.

வந்து... அவ்வளவுதான். ஒருத்தரும் கண்டுக்கலை.

கண்டுக்காததுக்கு நியாயமான காரணம் இருக்கு. எலக்ட்ரான் என்ற ஒண்ணை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடிச்சதே 1897ல்தான். அணுவுக்கு நடுவுல கரு இருக்குன்னு ரூதர்ஃபோர்ட் சொன்னது பாட்டர் கட்டுரை வந்த அதே 1911ல். உயிரணுக்குள்ள எலக்ட்ரானைக் கைமாத்தி விடுற சைட்டோகுரோம் புரதங்களை டேவிட் கெய்லின் விவரிச்சது 1925ல். அதாவது, உயிர் வாழ்றதுங்கறதே எலக்ட்ரானை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தள்ளுற வேலைதான்னு புரியறதுக்கு முன்னாடியே பாட்டர் அதுல வயரைச் சொருகிட்டார். மீட்டர் சொன்ன பதிலைப் புரிஞ்சுக்கற கேள்வி அப்போ யார்கிட்டயும் இல்லை.

இந்தத் துறையோட மொத்த வரலாறும் இப்படித்தான் போகுதுங்கறது என் அபிப்பிராயம். இருபது முப்பது வருஷத்துக்கு ஒருதடவை யாராவது தோண்டி எடுப்பாங்க. "எத்தனை வாட் வருது?"ன்னு கேப்பாங்க. பதில் கேவலமா இருக்கும். மறுபடி மூடிடுவாங்க.

அடுத்த தோண்டல் 1931. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பார்னெட் கோஹன். இவர் கலங்களைப் பேட்டரி மாதிரி வரிசையா இணைச்சு 35 வோல்ட்டுக்கு மேல கொண்டு வந்தார். 35 வோல்ட்டான்னு வாயைப் பிளக்காதீங்க, கரண்ட் வெறும் 2 மில்லிஆம்பியர். பெருக்கினா 70 மில்லிவாட். இன்னிக்கு ஒரு எல்.இ.டி. ஜீரோ வாட்ஸ் பல்பு அரை வாட் சாப்பிடும். அந்த பல்பையே இந்த மாதிரி ஏழு செட் சேர்ந்தாதான் எரிக்க முடியும். ஆனா கோஹன் இன்னொரு விஷயத்தைக் கவனிச்சார். பொட்டாசியம் ஃபெரிசயனைடு மாதிரி சில ரசாயனங்களைக் கலந்தா கரண்ட் கூடுது. பாக்டீரியாவுக்கும் மின்முனைக்கும் நடுவுல ஒரு புரோக்கர் தேவைப்படுது என்பதற்கு முதல் தடயம் அது. அதையும் கொஞ்ச நாள்ல மறந்துட்டாங்க.

1960கள்ல விண்வெளிப் போட்டி வந்ததும் மூணாவது தோண்டல். மாசக்கணக்குல போகிற விண்கலத்துல மனுஷக் கழிவை என்ன பண்றது? அதுலேயே கரண்ட் எடுத்துட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. நாசா ஆர்வம் காட்டினதும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரிசையா வர ஆரம்பிச்சது. மைக்ரோபியல் ஃப்யூயல் செல் என்ற பேரையே தலைப்பா வச்ச ஒரு கட்டுரை 1962ல் 'சயன்ஸ்' இதழ்ல வந்தது. ஆனா 1965ல் ஜெமினி 5 விண்கலம் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் போட்டா கரண்ட் தர்ற சாதாரண எரிபொருள் கலத்தை எடுத்துட்டுப் போயிடுச்சு. அப்பல்லோவும் அதே வழி. சோலார் தகடுகளும் வளர்ந்துடுச்சு. பாக்டீரியாவை மறுபடி அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க.

1980கள்ல பூட்டைத் திறந்தவர் லண்டன் கிங்ஸ் காலேஜ்ல இருந்த பீட்டர் பெனெட்டோ. கோஹனோட புரோக்கர் ஐடியாவை இவர் ஒழுங்கா, முறையா செஞ்சார். தயோனின் மாதிரி சாய ரசாயனங்கள் பாக்டீரியாவுக்குள்ள நுழைஞ்சு, எலக்ட்ரானை வாங்கிட்டு, வெளிய வந்து மின்முனைகிட்ட ஒப்படைச்சிட்டு, அடுத்த ட்ரிப்புக்கு உள்ள போகும். ஆட்டோ ஷேர் சவாரி மாதிரி :-) பள்ளிக்கூடப் பசங்க ஈஸ்ட்டும் மெத்திலின் நீலமும் வச்சுச் செய்யற ஒரு கிட் கூட இவரோட வடிவமைப்புல இருந்து வந்ததுதான், இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக மையம் ஒன்று அதைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. மின்சாரமே போகாத ஏழை நாட்டுக் கிராமங்களுக்கு இது உதவணும்ங்கறது பெனெட்டோவோட கனவு. சிக்கல் என்னன்னா அந்தச் சாயங்கள் விலை அதிகம், நச்சு, தண்ணியோட அடிச்சுட்டுப் போயிடும். சாக்கடையைச் சுத்தம் பண்றேன்னு சொல்லிட்டு சாக்கடையில சாயம் கலக்கற கதை ஆயிடும். திருப்பூர்க்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இப்போ நம்ம கதை. நான் படிச்ச காலேஜ்ல கடைசி வருஷம் பயோடெக் நண்பர்கள் ரெண்டு பேர் இதைப் பிராஜெக்ட்டா எடுத்தாங்க. வோல்டேஜை ராத்திரி பகலா பதிவு பண்ண ஒரு ஆள் வேணும், அந்த ஆள் நான். ஏரிச் சேறு, ரெண்டு டப்பா, நடுவுல உப்பும் கடல்பாசி ஜெல்லியும் அடைச்ச பைப், பழைய டார்ச் பேட்டரியை உடைச்சு எடுத்த கரிக்குச்சி, ஒரு அர்டுயினோ. மொத நாள் ஒண்ணுமில்லை. நாலாம் நாள் 0.2. ஒன்பதாம் நாள் 0.42 வோல்ட். நாத்தம் மட்டும் முதல் நாள்ல இருந்தே ஃபுல் வோல்டேஜ். ஹாஸ்டல்ல எங்க ரூம் பக்கம் யாரும் வரலை.

சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 1.8 வோல்ட் வேணும். அஞ்சு டப்பாவை வரிசையா இணைச்சா 2 வோல்ட் வரணும் இல்லையா? வந்தது. எல்.இ.டி.யை மாட்டின உடனே பொத்துன்னு விழுந்தது. வைவாவுக்கு வந்த வெளி தேர்வாளர் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரிப்பா, இதுல எத்தனை ஃபேன் ஓடும்?"

நாங்க மூணு பேரும் டப்பாவைப் பார்த்தோம்.

பாட்டர்ல இருந்து பெனெட்டோ வரைக்கும் எல்லார்கிட்டயும் உலகம் கேட்டது இதே கேள்வியைத்தான்னு அப்புறம் படிக்கறப்போதான் தெரிஞ்சது. இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரு ஆள்தான் துறையைத் திருப்பிப் போட்டார் என்பதுதான் இந்த வரலாற்றுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

அவருக்கு கரண்ட் மேல எந்த ஆர்வமும் இல்லை. டெரெக் லவ்லி, அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறையில இருந்தவர். வாஷிங்டன் நகரத்தை ஒட்டி ஓடுற பொடோமாக் ஆத்தோட அடிச் சேத்துல இரும்புக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டிருந்தார். 1987ல் அந்தச் சேத்துல ஒரு பாக்டீரியா சிக்கிச்சு. பின்னாடி ஜியோபேக்டர் என்று பேர் வச்சாங்க. அது பண்ற வேலை விசித்திரமானது. துருவைச் சுவாசிக்குது!

இங்க கொஞ்சம் நிதானமா போவோம், முழு விஷயமும் இதுலதான் இருக்கு. எந்த உயிரும் சாப்பாட்டை உடைக்கறப்போ எலக்ட்ரான் மிச்சமாகும். அந்த எலக்ட்ரானை யாராவது வாங்கிக்கணும். கல்யாண வீட்டுல எச்சில் இலையை எடுக்க ஆள் இல்லேன்னா அடுத்த பந்தி போட முடியாதில்லையா, அதே கதை. நமக்கு இலை எடுக்கறது ஆக்சிஜன். அதுக்காகத்தான் மூச்சு விடறோம். சேத்துக்கு அடியில ஆக்சிஜன் கிடையாது. அங்க இருக்கற பாக்டீரியாக்கள் நைட்ரேட், சல்ஃபேட்னு கிடைச்சதை வச்சு சமாளிக்கும். அதெல்லாம் தண்ணியில கரையும், உடம்புக்குள்ள வரும், எலக்ட்ரானை வாங்கிட்டுப் போகும். துரு அப்படி இல்லை. அது கரையாத திடப்பொருள், பாக்டீரியாவுக்குள்ள நுழையவே முடியாது. அப்போ பாக்டீரியா என்ன பண்ணணும்? இலையைத் தானே தூக்கிட்டு மண்டபத்துக்கு வெளிய வந்து தொட்டியில போடணும். ஜியோபேக்டர் அதைத்தான் பண்ணுது. எலக்ட்ரானைத் தன் உடம்புக்கு வெளிய கடத்திக் கொண்டுவந்து துருவுல இறக்குது.

அடுத்த வருஷமே, 1988ல், சார்லஸ் மயர்ஸும் கென்னத் நீல்சனும் நியூயார்க் மாநிலத்து ஒனைடா ஏரியில இருந்து இதே மாதிரி இன்னொண்ணைக் கண்டுபிடிச்சாங்க. அது மாங்கனீசைச் சுவாசிச்சது. இன்னிக்கு அதுக்குப் பேர் ஷெவனெல்லா.

துருவுக்கு பதிலா ஒரு கரித்துண்டை வச்சா? அந்தக் கரித்துண்டுல வயரை மாட்டினா? புரோக்கரே வேண்டாமே! 1999ல் தென்கொரியாவின் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிம் பியுங் ஹோங் குழு ஷெவனெல்லாவை வச்சு, எந்தச் சாயமும் இல்லாம கரண்ட் எடுத்துக் காட்டினாங்க. பெனெட்டோவோட பெரிய தலைவலி போயே போச்சு. அப்புறம் அவங்க மாவு ஆலைக் கழிவுநீர்லயும் செஞ்சாங்க (சேலம் ஜவ்வரிசி ஆலைப் பக்கம் போனவங்களுக்கு அந்தப் புளிச்ச வாசனை ஞாபகம் வரும்). 2002ல் லவ்லியும் அவர் சகாக்களும் கடல் சேத்துல கிராஃபைட் மின்முனையைப் புதைச்சு வச்சுப் பார்த்தா, ஆனோடுல ஜியோபேக்டர் குடும்பத்துப் பாக்டீரியாக்கள்தான் கூட்டம் கூட்டமா ஒட்டியிருந்தது. யாரும் கொண்டு போய் விடலை. அதுங்களா வந்து குடியேறியிருக்கு.

எங்க ஹாஸ்டல் டப்பாவுல நாலாம் நாள் வோல்டேஜ் ஏறினதுக்கு அர்த்தம் இதுதான். ஏரிச் சேத்துல இருந்த ஏதோ ஒரு கூட்டம் கரிக்குச்சியைக் கண்டுபிடிச்சு, "அடடே, மூச்சு விட இடம் கிடைச்சுடுச்சு"ன்னு குடியேற அத்தனை நாள் ஆகியிருக்கு. மீட்டர் காட்டினது கரண்ட் இல்லை, அதுங்களோட மூச்சு. வைவா ஹால்ல இது தெரிஞ்சிருந்தா ஃபேன் கேள்விக்கு நல்ல பதில் சொல்லியிருக்கலாம்.

வெளிய கடத்துதுன்னு சொன்னேனே, எப்படிக் கடத்துது? இதுல ஒரு சண்டையே நடந்தது. 2005ல் லவ்லி குழு, ஜியோபேக்டரோட மேல முளைச்சிருக்கற மெல்லிய இழைகள்தான் வயர்னு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. நானோ வயர்னு பேர் பரவிச்சு, பாடப் புத்தகத்துக்கே போயிடுச்சு. 2019ல் ரெண்டு குழுக்கள் தனித்தனியா, உறைய வைத்த மாதிரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்துட்டு, அந்த வயர் வேற என்று சொன்னாங்க. சைட்டோகுரோம் புரதங்கள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ரயில் பெட்டி மாதிரி கோத்த இழை அது. அந்த ரெண்டு குழுக்கள்ல ஒண்ணுல இருந்த யேல் பல்கலைக்கழகத்து நிகில் மால்வாங்கர், அதுக்கு முன்னாடி லவ்லியோட சேர்ந்து இதே இழைகளைப் பத்தி வேலை பார்த்தவர்! கெய்லின் 1925ல் சொன்ன அதே சைட்டோகுரோம், 94 வருஷம் கழிச்சு வயரா திரும்பி வந்திருக்கு.

அறிவியல் பக்கம் இவ்வளவு அழகா போயிட்டிருக்க, இன்ஜினியரிங் பக்கம் என்ன ஆச்சு? அங்கதான் மறுபடியும் ஃபேன் கேள்வி.

2004ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழு வீட்டுச் சாக்கடைத் தண்ணியிலேயே ஒரு கலத்தை ஓட்டினாங்க. அழுக்குல 80 சதவீதம் வரை போச்சு, கரண்ட் ஒரு சதுர மீட்டர் மின்முனைக்கு 26 மில்லிவாட். அடுத்த சில வருஷங்கள்ல இந்த எண்ணிக்கை மளமளன்னு ஏறி சதுர மீட்டருக்கு வாட் கணக்குல வந்தது. எல்லாம் டம்ளர் சைஸ் கலங்கள்ல. உடனே பெருசா கட்டுங்கப்பான்னு ஆசை வந்தது.

2007ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் ஃபாஸ்டர்ஸ் பீர் கம்பெனியும் சேர்ந்து யடாலா ஊர் பீர் ஆலையில ஒண்ணு கட்டப்போறதா அறிவிச்சாங்க. 2,500 லிட்டர், 2 கிலோவாட், ஒரு வீட்டுக்குப் போதும்! பீர்ல இருந்து கரண்ட்டுன்னா பத்திரிகைகள் விடுமா? உலகம் பூரா தலைப்பு. அந்தத் திட்டத்தின் பேராசிரியர் யூர்க் கெல்லர் அப்பவே தெளிவா சொன்னார், இது முதல்ல தண்ணி சுத்தம் பண்ற வேலை, கரண்ட் கூடக் கிடைக்கற லாபம்தான்னு. அந்த வரியைத் தலைப்புல போட முடியுமா என்ன! கட்டினது 3 மீட்டர் உயரத்துல 12 குழாய், மொத்தம் ஏறக்குறைய 1,000 லிட்டர். பீர் ஆலைத் தண்ணி கரண்ட்டை லேசுல கடத்தலை, கேத்தோடுல பாக்டீரியா அடையா அப்பிக்கிச்சு. முதல் பெரிய சோதனை, முதல் பெரிய பாடமா முடிஞ்சது.

சாஃப்ட்வேர்ல ஒரு சர்வர் போதலேன்னா பத்து சர்வர் போடுவோம். இங்க அது நடக்காது. தொட்டியைப் பெருசாக்கினா கொள்ளளவு வேகமா ஏறும், பாக்டீரியா ஒட்டுற பரப்பு அந்த வேகத்துல ஏறாது. எலக்ட்ரான் வயர்ல ஓடறதுக்கு ஈடா தண்ணிக்குள்ள அயனிகளும் நகரணும், தூரம் கூடக் கூட அது நத்தை வேகம். ஒரு கலத்தோட வோல்டேஜுக்கு இயற்கையே வச்ச உச்சவரம்பு 1.1 வோல்ட் மாதிரி, நடைமுறையில அரை வோல்ட் வந்தா பெருசு. சரி, வரிசையா இணைப்போம்னா, அதுல ஒரு கலம் பசியில கொஞ்சம் சோர்ந்தா போதும், மத்ததெல்லாம் சேர்ந்து அதுக்குள்ள கரண்ட்டைத் தலைகீழா தள்ளிடும். எங்க அஞ்சு டப்பா பொத்துன்னு விழுந்த மாதிரி. பாக்டீரியாவோட மனநிலை அஞ்சு டப்பாவுலயும் ஒரே மாதிரி இருக்காதுங்க.

இன்னொரு போட்டியாளரும் இருக்கார், நம்ம பழைய சாண எரிவாயு. இங்கிலாந்தின் எக்ஸெடர் ஊர்ல 1895லயே செப்டிக் டாங்க் வாயுவை வச்சு விளக்கு எரிச்சிருக்காங்க. அதுல மின்முனையும் கிடையாது, சவ்வும் கிடையாது. பாக்டீரியா மீத்தேனை உண்டாக்கும், மீத்தேன் தண்ணியில கரையாம தானா குமிழி விட்டு மேல வந்துடும். இயற்கையே பிரிச்சுக் கொடுத்துடுது. கெட்டியான கழிவு நிறைய இருந்தா, சூடான ஊரா இருந்தா, கலம் இதோட மோதி ஜெயிக்கறது கஷ்டம்னுதான் நான் நினைக்கிறேன்.

அப்போ கலத்துக்கு எங்க இடம்? ரெண்டு இடம் எனக்குத் தோணுது.

முதலாவது, பேட்டரி மாத்த ஆள் போக முடியாத இடம். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தின் லெனார்ட் டெண்டர் குழு 2008ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. தண்ணியில மிதந்துக்கிட்டே வெப்பநிலை, காத்தழுத்தம் எல்லாம் அளந்து ரேடியோவுல அனுப்புற ஒரு மிதவை. அதுக்குச் சராசரியா 18 மில்லிவாட் வேணும். அடிச் சேத்துல புதைச்ச கலம் 24 மில்லிவாட் கொடுத்தது. அந்தக் கலத்தோட எடை 230 கிலோ! நம்ம ஊர் புல்லட் பைக்கை விடக் கனம். ஆனா அவங்க பண்ணின ரெண்டாவது கலம் 16 கிலோதான், அது நியூஜெர்சி சதுப்பு நிலத்துல 36 மில்லிவாட் கொடுத்தது. ஒரே ஆள் சின்னப் படகுல எடுத்துட்டுப் போய் இறக்கிடலாம். நம்ம இ.பி. கணக்குல சொன்னா அது ஒரு யூனிட் ஓட்ட மூணு வருஷத்துக்கு மேல ஆகும். மிதவைக்கு அதைப் பத்திக் கவலையே இல்லை, அது கேட்டது 18 மில்லிவாட்தான். அந்த 230 கிலோ முதல் கலத்தை எங்க புதைச்சாங்க தெரியுமா? பொடோமாக் ஆத்துல. லவ்லிக்கு 1987ல் ஜியோபேக்டர் கிடைச்ச அதே ஆறு.

ரெண்டாவது இடம் கொஞ்சம் நாத்தம் பிடிச்சது. பிரிஸ்டல் நகரத்துல யோனிஸ் யெரோபுலோஸ் என்று ஒரு ஆராய்ச்சியாளர். ஆரம்பத்துல செத்த ஈயைத் தின்னு நகர்ற ரோபோ பண்ணினார் (ஈகோபாட்-2, 2004). கொஞ்ச தூரம் நகரும், அப்புறம் ஜீரணம் ஆகற வரைக்கும் நிக்கும், தீபாவளி மத்தியானம் நம்ம நிலைமை மாதிரி. அப்புறம் அவர் கண்ணு மூத்திரம் மேல விழுந்தது. பெரிய தொட்டியே வேண்டாம், சின்னச் சின்னக் கலங்களா நூத்துக்கணக்குல வைப்போம் என்பது அவர் வழி. ஆக்ஸ்ஃபாம் அமைப்போட சேர்ந்து 2015ல் தன் பல்கலைக்கழக வளாகத்துல ஒரு கழிப்பறை, 288 கலம். அதே வருஷம் ஜூன் மாசம் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவுல ஒண்ணு, 432 கலம், தினமும் ஏறக்குறைய ஆயிரம் பேர். பீர் குடிக்கிற கூட்டம், மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை :-)

கிடைச்சது சராசரியா 300 மில்லிவாட். நான் உக்காந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 7.2 வாட்-மணி. ஒரு யூனிட் சேர 139 நாள். ஃபேன் கேள்வி கேட்ட சார் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். ஆனா ஆக்ஸ்ஃபாம் ஏன் இதுல வந்து உக்காந்தாங்க? அகதி முகாம்கள்ல ராத்திரியில கழிப்பறை இருட்டு. பெண்கள் அங்க போகவே பயப்படுவாங்க, தாக்குதல்கள் நடக்கும். அந்தக் கழிப்பறைக்குள்ள ஒரு எல்.இ.டி. விளக்கு எரிய 300 மில்லிவாட் போதும். 2017ல் உகாண்டாவின் கிசோரோ ஊர்ல ஒரு பெண்கள் பள்ளிக் கழிப்பறையில இந்த அமைப்பை வச்சாங்க. ராத்திரி வெளிய போகப் பயந்து தண்ணி குடிக்காம படுத்த அனுபவம் நம்ம ஊர்ல எத்தனை பெண்களுக்கு இருக்குன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

"அதுக்கு ஒரு சோலார் விளக்கு வாங்கி மாட்டலாமேடா, சல்லிசா முடியுமே" என்று நண்பன் ஒருத்தன் கேட்டான். வெளிச்சம் மட்டும் வேணும்னா அவன் சொல்றதுதான் சரி. சோலார் விளக்கு மூத்திரத்தைச் சுத்தம் பண்ணாது, வித்தியாசம் அதுதான். வளாகத்துல வச்ச கழிப்பறையில அழுக்கு 95 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு. கூட்டம் நெருக்கித் தள்ளின திருவிழாவுல 30 சதவீதம்தான். அந்த 95க்கும் 30க்கும் நடுவுலதான் இன்னும் செய்ய வேண்டிய இன்ஜினியரிங் மொத்தமும் இருக்கு.

பெரிய ஊர்களுக்கும் இதே கணக்குதான். 1,000 லிட்டர் வீட்டுச் சாக்கடையில ஏறக்குறைய 2 யூனிட் அளவுக்கு ரசாயன ஆற்றல் ஒளிஞ்சிருக்கு. அதைச் சுத்தம் பண்ண வழக்கமான நிலையங்கள்ல நாம அரை யூனிட் மாதிரி செலவு பண்றோம், அதுல பெரும்பங்கு காத்தை ஊதறதுக்கே போகுது. அதாவது பாக்டீரியாவுக்கு மூச்சு விட ஆக்சிஜனைக் காசு கொடுத்து ஊதறோம். கரித்துண்டைக் கொடுத்தா அதுலேயே மூச்சு விட்டுக்கும் பாக்டீரியா இருக்கறப்போ! கலம் ஒரு பைசா கரண்ட் தராட்டியும், அந்த ஊதுற செலவு மிச்சமானாலே பெரிய விஷயம். எத்தனை ஃபேன் ஓடும்னு கேக்காம, எத்தனை ஊதுகுழாயை நிறுத்தலாம்னு கேட்டிருந்தா இந்தத் துறை வேற மாதிரி வளர்ந்திருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். உடன்படாதவங்க பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம், குறிப்பா பயோகேஸ் கட்சிக்காரங்க.

டிஸ்கி: கரிக்குச்சி எடுக்கறேன்னு பேட்டரியை உடைக்கறவங்க கையுறை போட்டுக்குங்க, உள்ள இருக்கற கறுப்பு மாவு லேசுல போகாது. அடுத்த பதிவுல, 2012ல் டென்மார்க் கடல் சேத்துல கண்டுபிடிச்ச கேபிள் பாக்டீரியா. சென்டிமீட்டர் நீளத்துக்கு எலக்ட்ரானைக் கடத்துது அந்தப் பிரகஸ்பதி.